பேரனுக்கு வாங்கிய சைக்கிள் ஹெல்மெட்: ஏழு மாத அனுபவம்

எங்கள் வீட்டு வாசல் ஆணியில் இரண்டு ஹெல்மெட்கள் தொங்குகின்றன. மஞ்சள் நிறத்தது பேரன் தினமும் போடுவது. சிவப்பு நிறத்ததை யாரும் தப்பித் தவறியும் போட்டுவிடக் கூடாது என்று நானே அதன் வாரை வெட்டிவிட்டேன். மஞ்சளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். சிவப்பைச் சொல்லாமல் மஞ்சளின் அருமை விளங்காது.

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் சாலையில், வண்டிச்சோலைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தின் குழந்தைகள் காப்பகத்தில் 26 ஆண்டுகள் ஆயாவாக இருந்தேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார்கள் காலையில் விட்டுப்போகும் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்க வைத்து, மாலையில் ஒப்படைப்பது என் வேலை. எத்தனை பிள்ளைகள் விழுந்து எழுந்ததைப் பார்த்திருப்பேன்! ஆனாலும் தலையில் அடிபட்ட பிள்ளையை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று போன நவம்பரில்தான் கற்றுக்கொண்டேன். மருமகள் செவிலியர். டாக்டர் சொன்னதையும் அவள் படித்துச் சொன்னதையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இங்கே எழுதுவதில் பாதி அந்த நோட்டில் உள்ளது.

இரண்டு நாள் மழை பெய்து ஓய்ந்த மாலை அது. எங்கள் லைன் வீடுகளுக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, முன்னால் இறங்கும் சிமெண்ட் பாதையில் பாசி பிடித்திருந்தது. பேரனுக்கு அப்போது ஐந்தரை வயது, யு.கே.ஜி. படித்துக்கொண்டிருந்தான். சைக்கிளில் வந்தவன் சறுக்கிச் சாய்ந்தான்; நெற்றியின் இடப்பக்கம் தடுப்புச் சுவரின் கல்லில் போய் மோதியது. தலையில் ஹெல்மெட் இருந்தது. சைக்கிள் வாங்கிய அன்று ஒரு பொம்மைக் கடையில் 250 ரூபாய்க்கு வாங்கிய அந்தச் சிவப்பு ஹெல்மெட். உள்ளே மூன்று ஸ்பாஞ்ச் பட்டைகள் மட்டும் ஒட்டியிருக்கும். விரலால் அழுத்தினால் மறுபக்கத்துப் பிளாஸ்டிக் தட்டுப்படும். விழுந்த வேகத்தில் அது பிடரிக்கு நழுவிவிட்டது. கல்லில் பட்டது வெறும் நெற்றி.

ஓடிப் போய்த் தூக்கினேன். மயக்கம் இல்லை. அழுதான். அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "ரத்தம் வந்ததா அக்கா?" இல்லை என்றேன். "அப்படியானால் ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள்." நானும் 26 ஆண்டுகள் தாய்மார்களிடம் அதையேதான் சொல்லியிருக்கிறேன். புடைத்த இடத்தில் ஈரத் துணியை வைத்து அழுத்தி, தேங்காய் எண்ணெய் தடவி, பால் காய்ச்சிக் கொடுத்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து வாந்தி எடுத்தான். முகம் வெளுத்து, தலை வலிக்கிறது என்று என் மடியில் படுத்துவிட்டான். மகன் பக்கத்து வீட்டு ஜீப்பை எடுத்தான். குன்னூர் போகும் வழியில் வளைவில் இன்னொரு முறை வாந்தி.

மருத்துவமனையில் டாக்டரம்மா முதலில் கேட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "முதல் வாந்தி வீட்டிலேயா, வண்டியிலேயா?" மலைப்பிள்ளைகளுக்கு வளைவில் வாந்தி வருவது சாதாரணம். அதனால் தலையில் அடிபட்டு வரும் வாந்தியையும் பெற்றோர் வண்டியின் மேல் போட்டுவிடுகிறார்கள் என்றார். நம் ஊரில் பிள்ளை வளர்க்கும் ஒவ்வொருவரும் மனதில் வைக்க வேண்டிய கேள்வி இது. அவர் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார்; கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்; தரைக்கல்லின் கோட்டிலேயே நடக்கச் சொன்னார்; பள்ளியில் பக்கத்தில் உட்காருபவன் பெயரைக் கேட்டார். பிறகு ஆறு மணி நேரம் அங்கேயே வைத்துப் பார்க்கலாம் என்றார்.

மகனுக்குப் பொறுக்கவில்லை. "ஸ்கேன் எடுங்கள், செலவைப் பற்றிக் கவலை இல்லை" என்றான். அவர் கோபப்படாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார். சி.டி. ஸ்கேன் மண்டை ஓட்டு முறிவையும் உள்ளே ரத்தக் கசிவையும் காட்டும். மூளை அதிர்ச்சி, அதாவது கன்கஷன், பெரும்பாலும் அதில் தெரியாது. படம் சுத்தமாக வரும், பிள்ளை சரியாக இருக்காது. சின்ன வயதுத் தலைக்குத் தேவையில்லாமல் கதிர்வீச்சு கொடுப்பதும் நல்லதல்ல. அமெரிக்காவில் 42,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்து, யாருக்கு ஸ்கேன் வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று 2009-ல் ஒரு விதிமுறை வகுத்திருக்கிறார்கள். நினைவு தடுமாறுவது, எழுப்பினால் எழாமல் தூங்கி வழிவது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, மண்டை ஓடு உடைந்த அடையாளம் இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஸ்கேன். வாந்தி மட்டும் இருந்து பிள்ளை தெளிவாக இருந்தால் சில மணி நேரம் கண் வைத்துப் பார்க்கலாம். மோசமானால் அந்த நிமிடமே ஸ்கேன் என்றார். பேரன் மோசமாகவில்லை. இரவு பதினொன்றரைக்கு வீட்டுக்கு வந்தோம். தூங்க விடக் கூடாது என்று நாம் சொல்வோமே, அதையும் கேட்டேன். பரிசோதித்து அனுப்பிய பிறகு தூங்கலாம், தூக்கம்தான் மருந்து என்றார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் கடினம். நோட்டைப் பார்த்து எழுதுகிறேன். இரண்டாம் நாள்: சன்னல் வெளிச்சம் கண்ணில் படக் கூடாது என்று போர்வைக்குள் போய்விட்டான். ஐந்தாம் நாள்: இரண்டு வருடமாகப் படுக்கையை நனைக்காதவன் நனைத்தான். ஆறாம் நாள்: குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்திக்கொண்டு அழுதான். எட்டாம் நாள்: தினமும் ஏறி இறங்கும் வாசற்படியில் கால் இடறினான். பத்தாம் நாள்: அம்மா என்று எழுதச் சொன்னால் அமமா என்று எழுதினான், புள்ளி எங்கே என்று கேட்டதும் சிலேட்டை வீசினான். வெளியே பார்க்க நெற்றிப் புடைப்பு வற்றி, தோல் பழைய நிறத்துக்கு வந்திருந்தது. பார்த்தவர்கள் எல்லாம் "குணமாகிவிட்டதே" என்றார்கள். பள்ளி நாட்குறிப்பில் ஆசிரியை "கவனம் இல்லை, அடம் அதிகம்" என்று எழுதி அனுப்பினார். அவரைக் குறை சொல்லவில்லை; அவருக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. மறுநாள் மருமகள் நேரில் போய்ச் சொன்ன பிறகு, அரை நாள் பள்ளி, நடுவில் ஓய்வு, விளையாட்டு வகுப்பில் உட்கார்ந்திருப்பது என்று அவரே ஏற்பாடு செய்துகொடுத்தார்.

முதல் இரண்டு நாள் அமைதியாக வைத்திருங்கள். அதற்குப் பிறகு இருட்டு அறையில் அடைத்து வைக்காதீர்கள், தலைவலி கூடாத அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் செய்யட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சைக்கிளும் குதிப்பதும் மட்டும் முழுக்கக் குணமாகும் வரை கூடாது. ஆறாத மூளையில் இன்னொரு அடி விழுந்தால் அது முதல் அடியைப் போல இருக்காது என்று இரண்டு முறை அழுத்திச் சொன்னார்.

உள்ளே என்னதான் நடக்கிறது? மருமகள் எனக்கு விளக்கியதை எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். பனங்காயைக் கீழே போட்டால் வெளி மட்டை அப்படியே இருக்கும்; உள்ளே நுங்கு நசுங்கியிருக்கும். மூளை அப்படி மென்மையானது, நீரில் மிதப்பது. தலை சட்டென்று நிற்கும்போதும் சுழலும்போதும் உள்ளே மூளை குலுங்கி முறுக்கிக்கொள்கிறது, நரம்பிழைகள் இழுபடுகின்றன. செல்களுக்கு உள்ளேயும் வெளியேயும் இருக்கும் உப்புகளின் கணக்கு குலைகிறது. அதைச் சரிசெய்ய மூளைக்கு அதிகச் சர்க்கரை வேண்டும். அந்த நேரம் பார்த்து ரத்த ஓட்டம் குறைகிறது. வேலை கூடி, கூலி குறைந்த நிலை. அதனால்தான் களைப்பு, எரிச்சல், மறதி எல்லாம்.

பிள்ளைகளுக்கு இன்னும் சில சங்கடங்கள் உண்டு. பிறந்த குழந்தைக்குத் தலை உடல் நீளத்தில் நாலில் ஒரு பங்கு. ஐந்து வயதிலும் உடம்புக்குத் தலை பெரிது, கழுத்துத் தசை பலமில்லை. மூளை அந்த வயதுக்குள் பெரியவர் அளவில் ஏறக்குறைய 90 சதவீதம் வளர்ந்துவிடுகிறது, உள்வேலை முடிவதில்லை. மின்கம்பிக்கு ரப்பர் உறை போல நரம்பிழைகளைச் சுற்றி ஒரு கொழுப்புறை படர வேண்டும். அது இருபது வயது தாண்டியும் படர்ந்துகொண்டே இருக்கிறது. கவனம், பொறுமை, திட்டமிடுதல் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் முன்மூளையில் கடைசியாக முடிகிறது.

"சின்ன மூளை சீக்கிரம் ஆறிவிடும்" என்று எங்கள் காப்பகத்தில் சொல்வோம். டாக்டரிடம் அதைச் சொன்னபோது பாதி சரி என்றார். ஒரு முறை லேசாக அடிபட்ட பிள்ளைகளில் பெரும்பாலானோர் நான்கு வாரத்துக்குள் முழுக்கத் தேறிவிடுகிறார்கள். கனடாவில் 5 முதல் 18 வயது வரையிலான 3,063 பேரைத் தொடர்ந்து பார்த்து 2016-ல் வெளியிட்ட ஆய்வில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கே 28 நாள் கடந்தும் தொந்தரவு இருந்தது. மீதிப் பாதிதான் யோசிக்க வேண்டியது. மூன்று வயதுப் பிள்ளைக்கு இன்னும் வராத திறமையில் குறை இருக்கிறதா என்று இன்றைக்கு எப்படிப் பார்ப்பது? படிப்பும் பொறுமையும் தேவைப்படும் வயது வந்த பிறகுதானே தெரியும்? நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரில் 1977-ல் பிறந்த 1,265 பிள்ளைகளைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து பார்த்து வந்தார்கள். அவர்களில் சிறு வயதில் லேசான தலைக்காயத்துக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களிடம் 10 முதல் 13 வயதுக்குள் கவனக் குறைவும் துடுக்கும் கூடுதலாகத் தெரிந்தன. ஐந்து வயதுக்கு முன் அடிபட்டவர்களிடம் இது இன்னும் தெளிவாக இருந்தது. அடிபட்டும் மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய தேவை இல்லாத பிள்ளைகளிடம் அப்படித் தெரியவில்லை. இது பயமுறுத்துவதற்குச் சொல்வதல்ல. அடிபட்ட தேதியைப் பிள்ளையின் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து எழுதி வையுங்கள், நான்காம் வகுப்பில் ஏதாவது சிரமம் தெரிந்தால் அப்போது பார்க்கும் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஒன்றரை வயது முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளைப் பார்த்திருக்கிறார்கள். லேசான மூளை அதிர்ச்சி ஏற்பட்டு ஆறு மாதமான பிள்ளைகள், எதிரில் இருப்பவர் மனதில் என்ன இருக்கிறது என்று ஊகிப்பதில் அடிபடாத பிள்ளைகளை விடப் பின்தங்கியிருந்தார்கள். மருமகள் இதைப் படித்துச் சொன்ன இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காப்பகத்தில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று படியிலிருந்து உருண்டது. ரத்தம் வரவில்லை. அதற்குப் பிறகு பல வாரம் மற்ற பிள்ளைகளைக் கடித்துக்கொண்டே இருந்தாள். பிடிவாதக்காரி என்று பெயர் வைத்து, தனியாக உட்கார வைத்தோம். அது அடியால் வந்ததா, அவள் இயல்பா, இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. அவ்வளவு சின்னப் பிள்ளைக்குத் தலை வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது, கடிக்கத்தான் தெரியும். நான் ஒரு முறையாவது கேட்டிருக்கலாம்.

இனி மஞ்சள் ஹெல்மெட். பேரன் 26-ஆம் நாள் தலைவலி இல்லாமல் முழு நாள் பள்ளி போய்வந்தான். அதற்கடுத்த வாரம் மகனும் நானும் கோயம்புத்தூர் இறங்கினோம். சைக்கிள்கள் மட்டும் விற்கும் கடை. விலை 1,450 ரூபாய். கம்பெனிப் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள்; உள்ளே ஒட்டியிருக்கும் சின்ன லேபிளைப் பாருங்கள். இ.என். 1078 என்ற ஐரோப்பியத் தரமோ, சி.பி.எஸ்.சி. என்ற அமெரிக்கத் தரமோ அதில் இருக்க வேண்டும். இ.என். 1078 சோதனையில், ஒரு பொம்மைத் தலைக்கு மாட்டி ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து இரும்புப் பரப்பில் போட்டு, உள்ளே எவ்வளவு அதிர்வு போகிறது என்று அளக்கிறார்கள். சிவப்பில் எந்த லேபிளும் இல்லை.

உள்ளே இருப்பது கெட்டியான தெர்மாகோல். ஓட்டோடு ஒன்றாக வார்த்திருக்கிறார்கள். நகம் வைத்து நெம்பினாலும் பிரியாது. விழும்போது இந்தத் தெர்மாகோல் நசுங்கித்தான் அடியை வாங்குகிறது. ஒரு முறை பலமாக நசுங்கினால் பிறகு உப்பாது. வெளியே கீறல் மட்டும் தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டும். அதனால் யாராவது பழையது கொடுத்தால் அன்பாக மறுத்துவிடுங்கள்.

அளவு முக்கியம். தையல் டேப்பைப் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் தள்ளிச் சுற்றி அளந்தோம்: 50.5 சென்டிமீட்டர். 48 முதல் 52 வரை என்று போட்டிருந்ததை எடுத்தோம். "வளர்கிற பிள்ளை, ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள்" என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். செருப்புக்கு அது சரி. ஹெல்மெட் தளர்வாக இருந்தால் என்ன ஆகும் என்று சிவப்பு எனக்குக் காட்டிவிட்டது. பின்னால் ஒரு திருகு வளையம் இருக்கிறது. திருகினால் தலையைக் கவ்விப் பிடிக்கும். வாரைப் பூட்டிய பிறகு தாடைக்கடியில் ஒரு விரல்தான் நுழைய வேண்டும். பிறகு வாயைப் பெரிதாகத் திறக்கச் சொல்லுங்கள். தலையின் மேல் ஹெல்மெட் கீழே இழுபடுவது தெரிந்தால் சரியாக மாட்டியிருக்கிறது. பூட்டுக்கு உள்பக்கம் தோல் கிள்ளாமல் இருக்க ஒரு மெல்லிய திண்டு வைத்திருக்கிறார்கள். இந்தத் திண்டு இல்லாததால்தான் பழையதைப் பேரன் எப்போதும் தளர்த்தியே போடுவான் என்று பிறகு புரிந்தது.

மலைக்காரர்களுக்கு என்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் கம்பளிக் குல்லா இல்லாமல் வாசல் தாண்டுவதில்லை. குல்லாவுக்கு மேல் ஹெல்மெட் போடக் கூடாது. ஒரு விரல் தடிமன் கம்பளி நடுவில் இருந்தால் ஹெல்மெட் தலையைப் பிடிக்காது, வழுக்கும். இந்த ஹெல்மெட்டில் காற்றோட்டத்துக்கு நிறைய துளைகள். டிசம்பர் காலையில் பேரனின் காது சிவந்து, போட மாட்டேன் என்று அழுதான். பழைய பனியன் துணியில் காதை மூடுகிற மெல்லிய பட்டை ஒன்று தைத்தேன். ஹெல்மெட்டின் பிடி மாறவில்லை, குளிரும் அடங்கியது. மழைக்காலத்தில் உள்ளே உள்ள திண்டுகள் காயவே காய்வதில்லை. அவற்றைப் பிய்த்து எடுக்க முடிகிறது, அது நல்ல வசதி. ஆனால் ஹெல்மெட்டோடு சேர்த்து அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டிவிடாதீர்கள். சூட்டில் தெர்மாகோல் சுருங்கிவிடும்.

மஞ்சள் நிறம் பேரன் கேட்டதல்ல, நான் கேட்டது. மூடுபனி இறங்கினால் பத்தடி தள்ளி நிற்பவர் தெரியாத ஊர் இது. பின்பக்கம் ஒரு சிவப்பு எல்.இ.டி. விளக்கும் உண்டு. அங்குதான் எனக்குக் குறை. அதன் பட்டன் பேட்டரியை மூடும் தட்டுக்குத் திருகாணி இல்லை, நகத்தால் திறந்துவிடலாம். பட்டன் பேட்டரியை விழுங்கிய பிள்ளையின் உணவுக்குழாய் சில மணி நேரத்தில் வெந்துவிடும். நான் பேட்டரியை எடுத்துவிட்டு, ஒளிரும் ஒட்டுப்பட்டை ஒட்டியிருக்கிறேன். ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குறைத்த ஒன்று இதற்காக.

இந்த ஹெல்மெட் மண்டை ஓட்டைக் காக்கும், தலைக்காயம் கடுமையாகாமல் தடுக்கும். உள்ளே மூளை சுழன்று முறுக்கிக்கொள்வதை முழுக்கத் தடுக்க முடியாது. ஹெல்மெட் போட்டிருந்தான், அதனால் ஒன்றும் ஆகியிருக்காது என்று இருந்துவிடாதீர்கள். ஊஞ்சலிலும் சறுக்கு மரத்திலும் விளையாடும்போது மறக்காமல் கழற்றிவிடுங்கள். வார் எங்காவது மாட்டிக் கழுத்தை இறுக்கிவிடும். ஸ்கூட்டருக்கும் இது உதவாது. நான்கு வயது தாண்டிய பிள்ளைக்கு இருசக்கர வண்டியில் ஹெல்மெட் கட்டாயம் என்று 2019-ல் சட்டம் திருத்தியிருக்கிறார்கள், ஐ.எஸ். 4151 முத்திரை உள்ள வண்டி ஹெல்மெட்தான் வேண்டும். அதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் சைக்கிள் ஹெல்மெட்டை அனுமதித்து, ஓட்டுபவரோடு பிணைக்கும் பட்டையையும் 40 கிலோமீட்டர் வேக வரம்பையும் 2022-ல் விதியாகக் கொண்டுவந்தார்கள். மகன் வண்டிக்கென்று தனியாக ஒன்று வாங்கிவிட்டான்.

ஏழு மாதத்தில் பேரன் இரண்டு முறை விழுந்திருக்கிறான். இரண்டும் புல்லில், முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. இப்போது தானே பூட்டைப் போட்டுக்கொண்டு, என் முன்னால் வந்து வாயை ஆவெனத் திறந்து காட்டுகிறான். லைனில் சைக்கிள் ஓட்டும் மற்ற பிள்ளைகளின் தலையையும் தையல் டேப்பால் அளந்து நோட்டில் எழுதியிருக்கிறேன்: 49, 51, 50, 52.5. அடுத்த ஞாயிறு மகன் கோயம்புத்தூர் போகும்போது நான்கு வாங்கி வரப் பணம் சேர்த்தாகிவிட்டது. 52.5-க்கு மட்டும் அடுத்த சைஸ் எடுக்க வேண்டும்; மஞ்சளில் அது இருக்கிறதா என்று கடையில் கேட்டுச் சொல்வதாக மகன் சொல்லியிருக்கிறான்.